நாடாண்டார் தேவியரும் நம் வீட்டுக் கைம்பெண்டிரும்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று யாது பேசலாம் என்று சங்கத்துக் காரியதரிசி அவர்கள் என்னை வினவியபோது, நாடாண்ட மன்னர்களைப் பற்றிப் பலரும் பேசியிருத்தலின், அம்மன்னர்களின் தேவியரைப் பற்றிச் சிறிது சொல்ல விழைகின்றேன் என்று விடை கூறினேன். அவரும் இசைந்தார். ஆயினும் என் கருத்து அரண்மனைக் கதை சொல்லிப் பொழுது போக்குவதன்று. அக்கதைகளினின்று நம் இல்லங்களுக்குக் கொண்டு செல்லத்தக்க பொருள் ஒன்று உண்டு. அதனை இறுதியிற் கூறுவேன்; அதுவரை பொறுத்தருள வேண்டுகின்றேன்.

நம் தமிழகத்தை ஆண்டவர் பலர். அவர்தம் மனைவியர் அவரினும் பலர். அவருட் பெரும்பாலோர் பெயரும் நமக்குத் தெரிந்திலது. ஒருசிலர் பெயரே ஏட்டிலும் கல்லிலும் நிலைத்து நிற்கின்றது. அங்ஙனம் நிலைத்த பெயர்களை ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்த்தேன். பார்த்த அளவில் எனக்கு வியப்பை அளித்த செய்தி ஒன்று புலப்பட்டது. கணவனோடு அரியணையில் அமர்ந்திருந்த காலத்துச் செயலால் புகழ் பெற்றோர் சிலரே. கணவனை இழந்த பின்னர்த் தாம் செய்த செயலால் புகழ் பெற்றோரே பலர். நாம் எந்நிலையை அமங்கலம் என்று ஒதுக்குகின்றோமோ, அந்நிலையில் நின்றவரே இந்நாட்டுக்கு மிகுந்த மங்கலம் செய்திருக்கின்றனர்.

முதற்கண் சங்க காலத்தை நோக்குவோம். ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் என்னும் வேந்தனுடைய தேவியார் பெருங்கோப்பெண்டு. அவர் நல்லிசைப் புலமை வாய்ந்தவர். கணவன் இறந்தபோது அவர் தீப்பாயத் துணிந்தார். அவ்வமயம் அவர் பாடியதாக ஒரு பாட்டு புறநானூற்றில் உள்ளது. இதனைக் கற்பின் பெருமைக்குச் சான்றாக எடுத்துக் காட்டுவது நம்மவர் வழக்கம். யானும் பல்லாண்டு அங்ஙனமே மாணாக்கர்க்குக் கற்பித்து வந்தேன். ஆயின் அப்பாட்டைப் பொறுமையாக ஓதுவார்க்கு இரண்டு செய்திகள் விளங்கும். ஒன்று, அவரைத் தீயிற் பாயுமாறு எவரும் ஏவவில்லை. அங்கிருந்த சான்றோர் அவரைத் தடுத்தனர். மற்றொன்று, அவர் தம் துணிவுக்குக் காரணமாக எடுத்துக் கூறுவது கைம்பெண்டிர் வாழ்க்கையின் துன்பத்தையே. சுவையற்ற உணவும், பாயற்ற பரற்கற் படுக்கையும் அவர் கண்முன் நின்றன. அந்த வாழ்வினும் தீயே தமக்கு இனிது என்றார். பெரியோர்களே! தீ சுடும் என்பதை அறியாதவரோ அவ்வரசியார்? தீயினும் கொடியதொன்றை நாம் செய்து வைத்திருந்தோம் என்பதே அதன் பொருள். அக்கொடுமைக்குக் கைம்மை நோன்பு என்று பெயரும் இட்டோம்.

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நெடுஞ்செழியன் தேவியாகிய கோப்பெருந்தேவியும் கணவன் வீழ்ந்த அப்பொழுதே தாமும் உயிர் நீத்தார். இத்தகைய இறப்புக்களைப் போற்றுவதில் நம் நாவுக்குத் தளர்ச்சியே இல்லை. இறவாமல் வாழ்ந்த பெண்ணைப் போற்றுவதற்குத்தான் சொல் வருவதில்லை. ஆகவே இன்று வாழ்ந்தவரைப் பற்றியே பேசுவேன்.

பத்தாம் நூற்றாண்டில் சோழ நாட்டை ஆண்டவர் கண்டராதித்தர். சிவபக்தியிற் சிறந்தவர், அவர் பாடிய பதிகம் ஒன்பதாம் திருமுறையுள் இடம்பெற்றுள்ளது. அவருடைய தேவியார் மழவரையர் மகளாராகிய செம்பியன் மாதேவியார். 957-ஆம் ஆண்டளவில் கண்டராதித்தர் மறைந்தார். அவர்கட்குப் பிறந்த மைந்தன் அப்போது சிறுபிள்ளை. அரசுரிமை கண்டராதித்தர் தம்பியாகிய அரிஞ்சயர் வழிக்குச் சென்றது. கணவனும் இல்லை, மைந்தனுக்கு முடியும் இல்லை. நம் ஊர்களில் இந்நிலையில் ஒரு பெண் இருப்பின் அவளுக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதை யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அவ்வம்மையார் செய்தது யாது? செங்கல்லாற் கட்டப்பட்டுச் சிதைந்து கிடந்த திருக்கோயில்களைக் கருங்கற் கோயில்களாக எடுப்பிக்கத் தொடங்கினார். திருநல்லம், விருத்தாசலம், தென்குரங்காடுதுறை, திருக்கோடிகா, திருமணஞ்சேரி, ஆரூர் அரநெறி முதலிய பல தலங்களில் அவர்தம் திருப்பணியை இன்றும் காணலாம். திருக்கோடிகாவில் பழைய கற்றளைகளில் சிதறிக் கிடந்த சாஸனங்களைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தார். பழையதை இடித்துப் புதியது கட்டுவோர் எக்காலத்தும் உளர். முன்னோர் கொடுத்த கொடை அழிந்துவிடலாகாதே என்று எண்ணி அதனை எழுதி வைத்தவர் எத்தனை பேர்? திருநல்லத்தில், இக்காலத்தார் கோனேரிராஜபுரம் என வழங்கும் அவ்வூரில், தம் கணவர் பெயரால் கற்றளி எடுத்து, அவர் சிவலிங்கத்தை வழிபடுவதாக ஓர் உருவமும் செதுக்குவித்தார். கணவனோடு இறந்திருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கக் கூடிய அன்பு, வாழ்ந்தமையால் ஆயிரம் ஆண்டு கடந்தும் கல்லில் நிற்கின்றது.

அவர் கொடைகளைக் கூறும் சாஸனங்கள் மாமனாராகிய முதற் பராந்தகர் காலத்தில் தொடங்கி, ராஜராஜர் காலத்தில் 1001-ஆம் ஆண்டு வரையிலும் கிடைக்கின்றன. கணவரை இழந்த பின் நாற்பது ஆண்டுகட்கு மேல் அவர் அறம் செய்துகொண்டே இருந்தார். இடையில் அவர் மைந்தர் உத்தம சோழர் என்ற பெயருடன் அரியணை ஏறினார். நாகப்பட்டினத்திற்கு அணித்தே செம்பியன் மாதேவி என்று அவர் பெயராலேயே ஓர் ஊர் உண்டு. அவ்வூர்க் கோயிலில், அம்மையார் பிறந்த கேட்டை நாளைக் கொண்டாடுவதற்கென்று உத்தம சோழரின் தேவியர் நிவந்தம் அளித்தனர். அன்னையர்களே! மாமியாருக்காக மருமக்கள் எடுத்த விழா அது. அம்மாமியாரோ கணவனை இழந்தவர். அவர் பிறந்த நாள் ஊருக்கே நன்னாளாயிற்று. அவ்வூரில் அவர் முகத்தில் விழித்தால் தீது என்று கூறியவர் எவரேனும் இருந்திருப்பரோ?

அதே குடும்பத்தில் நிகழ்ந்த மற்றொரு நிகழ்ச்சியையும் மறைத்தல் முறையன்று. அரிஞ்சயர் மைந்தர் சுந்தர சோழர் 973-ஆம் ஆண்டளவில் காஞ்சியில் மறைந்தபோது, அவர் தேவியார் வானவன் மாதேவியார் உடன் தீப்புகுந்தார். ராஜராஜரும் குந்தவையாரும் இவர் மக்களே. தாயை இழந்த இவ்விருவரும் செம்பியன் மாதேவியார் அன்பிலும் அவர்தம் சிவநெறியிலும் வளர்ந்தனர் என ஆராய்ச்சியாளர் கருதுவர். ஒரே மாளிகையில் ஒருவர் தீயிற் புகுந்தார், ஒருவர் வாழ்ந்திருந்தார். முன்னவரைக் குறை கூற எனக்கு உரிமையில்லை. அவர் துயரம் அவருக்கே தெரியும். ஆயின் தஞ்சைப் பெருங்கோயிலைக் கண்டு நாம் பெருமிதம் கொள்ளும்போது, அதற்கு முன்னோடியாகச் சோழ நாடெங்கும் கற்றளி எடுத்துக் காட்டியவர் வாழ்ந்திருந்த அந்தக் கைம்பெண்ணே என்பதை நினைவு கூர்தல் வேண்டும்.

இனி மதுரைக்குச் செல்வோம். சொக்கநாத நாயக்கரின் மனைவியார் மங்கம்மாள். நாயக்கர் 1682-இல் மறைந்தார். மைந்தர் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் பட்டமெய்தி, 1689-இல் வைசூரியால் இளமையிலேயே இறந்தார். அவர் மனைவி அப்போது கருவுற்றிருந்தார். ஆண் மகவு பிறந்த சில நாளில் அத்தாயும் உயிர் துறந்தார். கணவனையும் மகனையும் மருமகளையும் இழந்து, கைக்குழந்தை ஒன்றை ஏந்தி நின்றார் மங்கம்மாள். அக்குழந்தையின் பெயரால் 1706-ஆம் ஆண்டளவு வரை நாட்டை நடத்தினார்.

அக்காலம் அமைதியான காலமன்று. வடக்கே ஒளரங்கசீப்பின் படைகள் தக்காணத்தை வென்று தெற்கு நோக்கி வந்துகொண்டிருந்தன. மங்கம்மாள் அவரோடு பொருது நாட்டை அழிவுக்கு உள்ளாக்காமல், திறை செலுத்தி நாட்டைக் காத்தார். இதனைக் கோழைமை என்பாரும் உளர். விவேகம் என்பாரும் உளர். படையெடுப்பால் ஊர்கள் எரியாமலிருந்தன என்பது மட்டும் உறுதி. திருவிதாங்கூர், தஞ்சை, இராமநாதபுரம் ஆகிய இடங்களுக்கு அவர் படை அனுப்பியதும் உண்டு. அவற்றுள் வெற்றியும் உண்டு, தோல்வியும் உண்டு. ஆயினும் மக்கள் நெஞ்சில் நின்றது அவர் போரன்று. சாலையும் சத்திரமும் சோலையுமே. மங்கம்மாள் சாலை என்ற பெயர் தென்னாட்டில் இன்னும் வழங்குகின்றது. மதுரை இரயில் நிலையத்திற்கு எதிரேயுள்ள சத்திரம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. அவர் அரண்மனையென வழங்கும் தமுக்கம் மாளிகையிலேதான் 1959-ஆம் ஆண்டு முதல் காந்தி நினைவுக் காட்சிச்சாலை நடைபெறுகின்றது. தாம் சைவ வைணவக் கோயில்களுக்குக் கொடை அளித்தவராயினும், கிறிஸ்தவரையும் துன்புறுத்தாது விட்டார்; திருச்சிராப்பள்ளித் தர்காவுக்கும் நிலம் வழங்கினார். வழிநடையால் வருந்துவோனுக்கு நிழலைத் தரும் மரம், இதனை நட்டவள் சுமங்கலியா அன்றா என்று வினவுவதில்லை.

மங்கம்மாளின் பேரர் விஜயரங்க சொக்கநாதர் 1732-இல் மகவின்றி மறைந்தபோது, அவர் தேவியார் மீனாட்சி ஆட்சியை ஏற்றார். உறவினர் பூசலும், உதவுவதாக வந்த சந்தா சாகிபின் வஞ்சகமும் அவரைச் சூழ்ந்தன. சில ஆண்டுகளுக்குள் நாடு பறிபோயிற்று. அவர் நஞ்சுண்டு மாண்டார் என்பர். மதுரை நாயக்கர் ஆட்சியும் அவரோடு முடிந்தது. பெண் ஆண்டமையால் நாடு கெட்டது என்று இதற்குக் காரணம் கூறுவாரைக் கேட்டிருக்கின்றேன். உறவினர் ஒன்றுபட்டு அவர் பக்கல் நின்றிருந்தால் நாடு கெட்டிருக்குமோ என்று அவர்கள் எண்ணுவதில்லை. கணவனை இழந்தவள் சொத்தின் மேல் உறவினர் கண் வைத்தால் முடிவு என்னாகும் என்பதற்கு, ஒரு நாட்டின் அளவில் எழுதப்பட்ட சான்று இது. வீட்டின் அளவில் எழுதப்பட்ட சான்றுகள் நம் நீதிமன்றங்களிற் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன.

அடுத்துச் சிவகங்கைச் சீமை. முத்துவடுகநாதரின் தேவியார் வேலு நாச்சியார், இராமநாதபுரம் சேதுபதி மரபில் 1730-இல் பிறந்தவர். 1772-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கும்பினியார் படையும் நவாபின் படையும் காளையார்கோவிலைத் தாக்கியபோது முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். நாச்சியார் தம் மகள் வெள்ளச்சியுடன் தப்பி, திண்டுக்கல்லை அடுத்த விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்தார். அமைச்சர் தாண்டவராய பிள்ளையும் மருது சகோதரரும் உடனிருந்தனர். ஹைதர் அலியின் துணையை வேண்டிப் பெற்று, எட்டாண்டு காத்திருந்து, 1780-இல் சிவகங்கையை மீட்டார். 1796-இல் மறைந்தார். 2008-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் நினைவாகத் தபால் தலை வெளியிட்டது. கணவன் இறந்த நாளில் வெள்ளைப் புடவை சுற்றி மூலையில் அமரச் செய்திருந்தால், சிவகங்கைக்கு மீட்சி ஏது?

அரசர் காலம் போய்க் குடியரசுக் காலம் வந்த பின்னரும் இவ்வரிசை அறவே நின்றுவிடவில்லை. முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் அவர்கள் 1987-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் மறைந்தபின், அவர்தம் மனைவியார் ஜானகி அம்மையார் 1988 ஜனவரியில் இருபத்துநான்கு நாள் அப்பதவி வகித்தார். தமிழ்நாட்டின் முதற் பெண் முதலமைச்சர் அவரே. கட்சி விவகாரம் பேசுவது இம்மேடைக்கு உரியதன்று. நிகழ்ச்சியை மட்டும் குறித்தேன்.

இவ்வளவும் கேட்டபின் ஒரு தடை எழும். “புலவரே! இவரெல்லாம் அரண்மனையிற் பிறந்தவர். பொன்னும் படையும் உடையவர். நம் வீட்டுப் பெண்ணுக்கு அவை ஏது?” என்று சிலர் வினவலாம். இத்தடை நேரியதே. அதனாலேயே இவர்களிடம் என்ன இருந்தது என்று ஆராய்தல் வேண்டும். ஆராய்ந்தால் மூன்று பொருள் புலப்படும். செம்பியன் மாதேவியாரிடம் தாமே எடுத்துக் கொடுக்கத்தக்க பொன்னும் நிலமும் இருந்தன. அதாவது கையிற் பொருள். மங்கம்மாளிடம் பிறர் கேட்டு நடக்கும் ஆணை இருந்தது. அதாவது வாயிற் சொல். வேலு நாச்சியாரைச் சூழ்ந்து, தலைவியே எனப் பணிந்து நின்ற மக்கள் இருந்தனர். அதாவது அவையில் இடம். இம்மூன்றும் இருந்தமையால் அவர் வாழ்ந்தனர். பெருங்கோப்பெண்டோ இம்மூன்றும் இல்லாத ஒரு வாழ்வைத் தம் முன்னே கண்டமையால் தீயை நாடினார். நம் வீட்டுப் பெண்ணிடம் நாம் பறித்துக் கொள்வதும் இம்மூன்றையுமே.

இங்கே என் குற்றம் ஒன்றைச் சபையறியச் சொல்ல வேண்டியவனாக இருக்கின்றேன். எனக்கு ஒரு தமக்கையார் உண்டு. இருபத்தாறாம் வயதிற் கணவரை இழந்து, இரண்டு குழந்தைகளுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு எருமைகளை வைத்துப் பால் விற்று, தம் மக்களையும் வளர்த்து, யான் புலவர் வகுப்பிற் பயின்றபோது எனக்கும் சம்பளம் கட்டினார். யான் கற்ற நூல்களுக்கு விலை கொடுத்தவர் அவரே. சென்ற ஆண்டு என் மூத்த மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. தாம்பூலத் தட்டு மாற்றும் வேளையில் சுமங்கலிப் பெண்டிரை முன்னே வருமாறு அழைத்தனர். என் தமக்கையார் சமையற்கட்டின் கதவுக்குப் பின்னே நின்றிருந்தார். யான் பார்த்தேன், பாராதவன் போல் இருந்தேன். அன்றிரவு என் மகள் கேட்டாள்: “அப்பா, பள்ளியில் செம்பியன் மாதேவியைப் பற்றி மணிக்கணக்காகப் பாடம் சொல்கிறீர்களே, அத்தையை ஏன் ஒரு வார்த்தை கூப்பிடவில்லை?” இருபதாண்டு தமிழ் கற்பித்த எனக்கு அதற்கு விடை கிடைக்கவில்லை.

திருமணத்திற்கு முன்னர்த் தமக்கையாரிடம் சென்று, “அக்கா, தாலியைத் தொட்டு முதலில் வாழ்த்த வேண்டியவர் நீங்கள்” என்றேன். அவர் மறுத்தார். “வேண்டாம் தம்பி, பிள்ளைக்கு நாளை ஒரு தலைவலி வந்தாலும் என்னைத்தான் சொல்வார்கள்” என்றார். தமக்கு நேரும் அவமானத்தினும் என் மகளுக்கு நேரும் பழிச்சொல்லுக்கே அவர் அஞ்சினார். இறுதியில் என் மகளே அவர் கையைப் பற்றி மணமேடைக்கு அழைத்து வந்தாள். பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது. நெருங்கிய உறவினர் ஒருவர் உண்ணாமலே சென்றார். இன்றும் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. அவ்விழப்பு எனக்கு வருத்தமே. மணமக்கள் நலமாக இருக்கின்றனர். நலத்திற்குக் குறைவு நேர்ந்திருந்தாலும் அதற்குக் காரணம் என் தமக்கையார் ஆகார். நோய்க்கு மருத்துவனும் வறுமைக்கு முயற்சியுமே பொறுப்பு.

அன்பர்களே! சட்டம் தன் கடமையைப் பெரும்பாலும் செய்துவிட்டது. உடன்கட்டை ஏறுதல் வங்காளத்தில் 1829-லும் சென்னை மாகாணத்தில் 1830-லும் தடுக்கப்பட்டது. 1856-இல் கைம்பெண் மறுமணம் சட்டத்தால் ஏற்கப்பட்டது. 1937-ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் வாழ்நாள் அளவில் பங்கு அளித்தது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்பங்கை அவளுக்கே முழுச் சொத்தாக்கியது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளிர்க்குப் பிறப்புரிமை 1989-இல் தமிழ்நாட்டிலும் 2005-இல் நாடு முழுவதிலும் வழங்கப்பட்டது. ஆயின் சட்டம் பந்தலுக்குள் வந்து தாம்பூலம் நீட்டாது. அதனை நாமே செய்தல் வேண்டும்.

ஆதலின் இச்சபையின் முன் மூன்று விண்ணப்பங்களை வைக்கின்றேன். முதலாவது, கையிற் பொருள். நம்மவருள் ஒருவர் இறந்தால், கருமாதிக்கு வரும் பெரியோர் சோறுண்டு கலைவதோடு நில்லாமல், அவர் மனைவிக்கு வாரிசுச் சான்றிதழ் பெற்றுத் தந்து, பட்டாவில் அவள் பெயர் ஏறும்வரை துணை நிற்றல் வேண்டும். துக்கத்தில் இருப்பவளிடம் விடுதலைப் பத்திரத்திற் கையொப்பம் வாங்கும் வழக்கத்தைச் சங்கம் வெளிப்படையாகக் கண்டித்தல் வேண்டும். இரண்டாவது, வாயிற் சொல். தந்தையற்ற பிள்ளைகளின் படிப்பையும் மணத்தையும் முடிவு செய்யும்போது சிற்றப்பன் பெரியப்பன் சொல்லுக்கு முன்னர்த் தாயின் சொல்லைக் கேட்டல் வேண்டும். சங்கம் அளிக்கும் கல்வி உதவித் தொகையும் அத்தாயின் கையிலேயே கொடுக்கப்படுதல் நலம். மூன்றாவது, அவையில் இடம். நம் சங்க விழாக்களில் குத்துவிளக்கு ஏற்றுவதற்குச் சுமங்கலிகளை மட்டும் அழைக்கும் முறையை இவ்வாண்டோடு விட்டொழிப்போமாக. வீட்டில் தொடங்க அஞ்சுவோர் சங்கத்தில் தொடங்கலாம். சங்கத்தில் ஏற்றிய விளக்கு வீட்டுக்கும் வெளிச்சம் தரும்.

பெரியோர்கள் வழக்கம் பழமையானது என்பார்கள். செம்பியன் மாதேவியாரும் பழமையானவரே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கைம்பெண்ணின் பிறந்த நாளை ஊர்த் திருநாளாகக் கொண்டாடியவர்கள் நம் முன்னோரே. பழமையைப் போற்றுவோர் இப்பழமையையும் போற்றுவார்களாக.

என் உரையில் பிழையிருப்பின் பொறுத்தருள்க. என் தமக்கையார் இன்று இக்கூட்டத்திற்கு வந்திருக்கின்றார். மகளிர் பகுதியில், பின் வரிசையில் அமர்ந்திருக்கின்றார். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் அவரைப் போன்றோர் முன் வரிசையில் அமர்வார்களாக என்று வேண்டி அமைகின்றேன்.